காற்றுக்குக் கணக்கு எழுதியவர்கள்



மாநாட்டு மேடையில் நிற்கிறேன். ஆகவே இன்னொரு மாநாட்டைச் சொல்லித் தொடங்குகிறேன். கிம் ஸ்டான்லி ராபின்சன் 2015-இல் வெளியிட்ட 'அரோரா' நாவலில் நடப்பது அது. சுமார் 12 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் டௌ செட்டி விண்மீனை நோக்கிக் குடியேறப் போன கப்பலில் பிறந்து வளர்ந்தவள் ஃப்ரேயா. போன இடத்தில் வாழ முடியவில்லை. உடன் வந்தவர்களில் பலரைப் பறிகொடுத்துவிட்டு பூமிக்குத் திரும்பிய சிலரில் ஒருத்தி அவள். விண்வெளிப் பயணம் பற்றிய ஒரு மாநாட்டில் அவளும் உட்கார்ந்திருக்கிறாள். மேடையில் ஒருவர் பேசுகிறார். பஞ்சாகப் பறக்கும் விதைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்துதான் போகும், ஒன்று முளைத்தால் போதும், ஆகவே இன்னும் கப்பல்களை அனுப்புவோம் என்கிறார். ஃப்ரேயா எழுந்து போய் அவரை அடித்துவிடுகிறாள்.

அழிந்த தொண்ணூற்றொன்பதில் அவளைப் பெற்ற தாயும் இருக்கிறாள், கூட வளர்ந்த தோழனும் இருக்கிறான். இந்தப் பகுதியை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவி கேட்டாள்: "விதைக்கு வலிக்காதுங்க சார். அதனாலதான் அவரு அந்த உவமைய எடுத்தாரா?" பல ஆண்டுகள் உவமையணி நடத்தியவன் நான். ஓர் உவமை எதைச் சொல்லாமல் மறைக்கிறது என்று பார்க்க அன்று அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன்.

பூமியைக் கைவிடும் கனவையும் இயந்திரம் எல்லாத் துயரையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கையையும் கேள்வி கேட்கும் அறிவியல் புனைகதைகளை 'அவநம்பிக்கை இலக்கியம்' என்று ஒதுக்குவது நம் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. அறிவியலுக்கு எதிரானவை என்றும் சொல்கிறார்கள். இதை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். இந்த நாவலாசிரியர்கள் அறிவியலைக் கடைசி வரி வரைக்கும் எடுத்துக்கொண்டவர்கள். காற்று எங்கிருந்து வரும், மலம் எங்கே போகும், பழுது யார் பார்ப்பார், யார் கரையிலேயே விடப்படுவார் என்று, கனவு சொல்பவர் எழுதாமல் விட்ட வரிகளைக் கணக்கில் ஏற்றியவர்கள். என் உரை முழுதும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே இருக்கும்.

பூமியை விட்டுப் போகும் கனவு செல்வர்களின் ஆசையாகத் தொடங்கியது அல்ல. ரஷ்யாவின் கலூகா ஊரில் செவித்திறன் குன்றிய பள்ளி ஆசிரியர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் ராக்கெட் கணக்கை வெளியிட்டபோது அவருக்குப் பணபலமும் இல்லை, பெரிய ஆய்வுக்கூடமும் இல்லை. மனித அறிவு என்றென்றும் தொட்டிலில் கிடக்கக் கூடாது என்று அவர் எண்ணியதில் ஒரு கம்பீரம் இருக்கிறது; அதை நான் வணங்குகிறேன். அதே மனிதர், நிறைவான உயிர்கள் அண்டமெங்கும் பரவும்போது குறையுள்ள உயிர்கள் வலியின்றி நீக்கப்பட வேண்டும் என்றும் எழுதினார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

1969-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார்டு ஓநீல் தம் முதலாண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வியை வைத்தார்: வளர்ந்துகொண்டே போகும் தொழில்நுட்ப நாகரிகத்துக்கு ஒரு கோளின் மேற்பரப்புதான் தகுந்த இடமா? இல்லை என்பது அவர்கள் எட்டிய விடை. விண்ணில் சுழலும் மாபெரும் உருளைகள், அவற்றின் உள்ளே வயலும் ஆறும் ஊரும் என்று அந்த விடை வளர்ந்தது. அதே பல்கலைக்கழகத்தில் படித்த ஜெஃப் பெசோஸ் 2019-இல் அந்த உருளைகளின் படங்களை மேடையில் காட்டி, லட்சம் கோடி மனிதர்கள் சூரியக் குடும்பத்தில் வாழலாம் என்றார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் குவாடலஹாராவில் ஈலான் மஸ்க் செவ்வாயில் பத்து லட்சம் பேர் வாழும் நகரத்தைப் பற்றிப் பேசினார். செவ்வாயின் காற்றழுத்தமோ நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் மண்ணில் பெர்குளோரேட் உப்பு கலந்திருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது. தைராய்டைக் கெடுக்கும் உப்பு அது. செவ்வாயைப் பசுமையாக்குவது பற்றி 1992 முதல் 1996 வரை மூன்று பெரிய நாவல்கள் எழுதியவரும் இதே ராபின்சன்தான். புதிய உண்மைகள் வந்தபின் தம் நிலையை மாற்றிக்கொண்ட எழுத்தாளர் என்பதாலேயே அவர்மேல் எனக்குக் கூடுதல் மதிப்பு.

இந்தக் கேள்விகளை எழுப்பியவர்களில் பொறியாளர்களும் உண்டு என்பதை இளம் ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும். யெவ்கேனி ஜம்யாட்டின் கப்பல் கட்டும் பொறியாளர். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலில் ரஷ்யாவுக்காகப் பனியுடைப்புக் கப்பல்கள் கட்டப்பட்டதை மேற்பார்த்தவர். 1920-21 வாக்கில் அவர் எழுதிய 'நாங்கள்' நாவலின் கதைசொல்லியும் பொறியாளனே. அவனுக்குப் பெயர் கிடையாது, டி-503 என்ற எண்தான். கண்ணாடிச் சுவர் வீட்டில் இருந்துகொண்டு அவன் கட்டுவது 'இன்டெக்ரல்' என்ற விண்கலம். பிற கோள்களில் இருப்போருக்கும் பிழையில்லாத இன்பத்தைக் கொண்டுசேர்ப்பதும், ஏற்க மறுத்தால் கட்டாயப்படுத்துவதும் அதன் வேலை. விண்கலத்தில் ஏறிப் போவது மனிதன் மட்டுமல்ல, அவனை ஆளும் அதிகாரமும் கூடவே ஏறிக்கொள்கிறது என்று முதல் விண்வெளிப் பயணத்துக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே எழுதிவிட்டார். நாவல் சோவியத் நாட்டில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நமக்கும் இந்த மரபில் ஒருவர் உண்டு. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெறவும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய ஓர் இந்தியாவைக் காட்டினார். நாட்டை ஆளும் ஜீவா இரத்தமும் சதையுமான ஆளே அல்ல, ஒளியால் காட்டப்படும் உருவம். நாமோ ஜீனோ என்ற இயந்திர நாயின் துடுக்குப் பேச்சை நினைவில் வைத்துக்கொண்டு ஜீவாவை மறந்துவிட்டோம். அந்த நாவலை அரசியல் நாவலாகப் படிக்கும் ஓர் ஆய்வேட்டை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஃபிரெடரிக் போலும் சிரில் கார்ன்ப்ளூத்தும் சேர்ந்து எழுதி 1953-இல் நூலாக வந்த 'த ஸ்பேஸ் மெர்ச்சன்ட்ஸ்' நாவலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதன் நாயகன் விளம்பர வாசகம் எழுதுபவன். மூச்சுவிட முடியாத, கொதிக்கும் வெள்ளிக் கோளைக் குடியேற்றத்துக்கு ஏற்ற இடமாக மக்களிடம் விற்க வேண்டும். அதுதான் அவனுக்குத் தரப்பட்ட வேலை. போல் விளம்பரத் துறையில் வேலை பார்த்தவர். உள்ளே இருந்து பார்த்ததை எழுதினார்.

இனி நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போவது ஒரு கட்டடத்துக்காக. அது கற்பனையல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆரக்கிள் என்ற ஊருக்கு அருகே இன்றும் நிற்கிறது. 'பயோஸ்பியர் 2' என்று பெயர். பயோஸ்பியர் ஒன்று எது என்றால், இந்த பூமி. கண்ணாடியும் எஃகும் கொண்டு மூடிய சுமார் 1.27 எக்டேர் பரப்பில் மழைக்காடு, புல்வெளி, பாலை, சிறு கடல், வயல் எல்லாம் அமைத்தார்கள். 1991 செப்டம்பர் 26 அன்று நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் உள்ளே போனார்கள். இரண்டு ஆண்டு வெளியிலிருந்து எதுவும் வாங்காமல் வாழ்வது திட்டம். விண்குடியிருப்புகளுக்கு இது ஒத்திகை என்றும் பேசப்பட்டது.

மாதங்கள் செல்லச் செல்ல உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. படி ஏறினால் நின்று நின்று ஏற வேண்டும். இரவில் தூக்கம் கலையும். காற்றில் சுமார் 21 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்சிஜன் பதினாறு மாதத்தில் 14 விழுக்காட்டுச் சொச்சத்துக்கு இறங்கியிருந்தது. 4,000 மீட்டர் உயர மலைமேல் குடித்தனம் நடத்துவது போன்ற நிலை. வயல் செழிக்கட்டும் என்று கொட்டிய சத்தான மண்ணே அதற்குக் காரணம். அதில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உண்டன. அப்படியானால் அதற்கு ஈடாகக் கரியமில வாயு ஏறியிருக்க வேண்டுமே, அது எங்கே போயிற்று? கணக்கு உதைத்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஜெஃப் செவரிங்ஹாஸ் விடையைச் சுவரில் கண்டுபிடித்தார். மூடாமல் விடப்பட்டிருந்த கான்கிரீட் கரியமில வாயுவைக் குடித்துச் சுண்ணாம்புக் கல்லாக்கிக்கொண்டிருந்தது. அந்த எட்டுப் பேரின் மூச்சு சுவருக்குள் இறுகிக் கிடந்தது. கடைசியில் 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜனை உள்ளே செலுத்தினார்கள். மகரந்தம் சுமக்கும் பூச்சிகள் அதற்குள் இறந்துபோயிருந்தன; எறும்புகள் பெருகியிருந்தன.

அந்த எட்டுப் பேரைக் குறைசொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. பசியோடும் மூச்சுத் திணறலோடும் அவர்கள் இரண்டு ஆண்டை முடித்தார்கள். அவர்களால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிய வந்தது.

என் வீட்டில் பேத்திக்காக ஒரு மீன்தொட்டி வைத்திருந்தோம். ஒருநாள் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசி, கண்ணாடி போலச் சுத்தமாக வைத்தேன். மூன்றாம் நாள் இரண்டு மீன்கள் மிதந்தன. மீன் விற்பவர் கேட்டார்: "தண்ணிய முழுசா மாத்திட்டீங்களா? மூணுல ஒரு பங்குதான் மாத்தணும். பஞ்ச தொட்டித் தண்ணிலயே அலசணும்." அழுக்கு என்று நான் கழுவி ஊற்றியதில்தான், மீன் கழிவில் வரும் நஞ்சை முறிக்கும் பாக்டீரியா இருந்திருக்கிறது. ஒரு சாண் அகலத் தொட்டியில் இவ்வளவு இருக்கிறது.

'அரோரா'வில் ஃப்ரேயாவின் தாய் தேவி, கப்பலின் தலைமைப் பொறியாளர் போன்றவள். அவள் வாழ்நாள் முழுதும் செய்வது இந்தத் தொட்டி வேலைதான். பாஸ்பரஸ் எங்கோ போய்ப் படிந்துகொள்கிறது, பயிருக்கு வரமாட்டேன் என்கிறது. உப்பு ஓரிடத்தில் தேங்குகிறது. பாக்டீரியா மனிதர்களைவிட வேகமாக மாறுகிறது. புறப்பட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை; பிறக்கப்போகிறவர்களைக் கேட்டு யாரும் புறப்படவும் இல்லை. தேவியின் கோபம் முழுவதும் அந்த முன்னோர்மேல்தான். விண்வெளிக் கதையின் மையத்தில் தளபதியை வைக்காமல், உப்பையும் பாஸ்பரஸையும் எண்ணிக்கொண்டு தூக்கமின்றித் திரியும் ஒரு பெண்ணை வைத்ததுதான் ராபின்சனின் பெரிய சாதனை என்று நினைக்கிறேன். ஈ. எம். ஃபார்ஸ்டர் 1909-இலேயே இதைத் தொட்டுவிட்டார். அவருடைய 'த மெஷின் ஸ்டாப்ஸ்' கதையில் நிலத்தடியில் எல்லோருக்கும் எல்லாம் தரும் இயந்திரம் நிற்பதற்கு முன்னால், பழுது பார்க்கும் கருவியே பழுதாகிறது.

யார் கப்பல் ஏறுகிறார், யார் விடப்படுகிறார் என்ற கேள்விக்கு வருகிறேன். உர்சுலா லெ குவினின் 'நியூட்டன்ஸ் ஸ்லீப்' என்ற கதையில், சீரழிந்த பூமியை விட்டு விலகி, தேர்ந்தெடுத்த அறிவாளிகள் மட்டும் விண்குடியிருப்பில் வாழ்கிறார்கள். எல்லாம் தூய்மை. திடீரென்று அங்கே தீக்காயம் பட்ட மனிதர்களும் விலங்குகளும் மண்ணும் தென்படத் தொடங்குகின்றன. தாங்கள் விட்டுவிட்டு வந்ததெல்லாம் சுவரைத் தாண்டி வருகிறது. எல்லோரும் பார்க்கிறார்கள், கணக்கை மட்டுமே நம்பும் கதைநாயகனுக்குத்தான் வெகுநேரம் எதுவும் தெரிவதில்லை.

ஆனால் இங்கே நான் ஒரு தடுமாற்றத்தையும் அவைமுன் வைக்க வேண்டும். 1969 ஜூலை 15, அப்போலோ 11 புறப்படுவதற்கு முந்தின நாள். மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர் ரால்ஃப் அபர்னாதி, கோவேறு கழுதை வண்டிகளோடு ஏழைக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு ஏவுதளத்துக்கு வந்தார். நாசா தலைவர் தாமஸ் பெயின் இறங்கி வந்து அவரைச் சந்தித்தார். அபர்னாதி ராக்கெட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பசியைக் கவனிக்கச் சொன்னார், விண்வெளி வீரர்களுக்காகப் பிரார்த்திப்பதாகவும் சொன்னார். அபர்னாதியைப் போலவே கறுப்பின மக்களிடமிருந்து வந்த எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர், 1993-இல் வெளியான 'பாரபிள் ஆஃப் த ஸோவர்' நாவலில், எரியும் கலிஃபோர்னியாவில் நடந்தே போகும் ஒரு பெண்ணின் வாயால் விண்மீன்களே மனிதர் வேர்விட வேண்டிய இடம் என்று சொல்லவைத்தார். தப்பி ஓட வேறு இடமே தரப்படாதவர்கள் வானத்தைப் பார்ப்பதும், எல்லாம் உள்ளவர்கள் வானத்தைப் பார்ப்பதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. அடுத்த நாவலின் முடிவில் கப்பல் ஒன்று புறப்படவும் செய்கிறது. அதற்குக் கொலம்பஸின் பெயரை வைத்துவிடுகிறார்கள். அது அந்தப் பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது நாவலை எழுதத் தொடங்கி முடிக்காமலே பட்லர் 2006-இல் மறைந்தார். இந்த இடத்தில் என்னிடம் முடிந்த முடிபு இல்லை. இரண்டாம் நாள் அமர்வில் பட்லரைப் பற்றிப் பேச இருப்பவர்கள் என்னோடு வாதாட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். 'அரோரா'வின் கப்பலைப் பற்றி ஐந்து கட்டுரைகள் இருக்கின்றன. அதன் கடைசிப் பகுதியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. மாநாட்டில் நடந்த அந்த அடிதடிக்குப் பிறகு ஃப்ரேயா ஒரு கடற்கரைக்குப் போகிறாள். கடல் மட்டம் உயர்ந்து மூழ்கிப்போன கரைகளை மணல் கொட்டி மறுபடியும் உண்டாக்கும் குழு அங்கே வேலை செய்கிறது. கூரைக்கு அடியில் வளர்ந்தவளுக்குத் திறந்த வானம் என்றாலே கால் நடுங்குகிறது, தலை நிமிர முடிவதில்லை. மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்குகிறாள். அலை அவளைப் புரட்டி மணலில் தள்ளுகிறது, எழுகிறாள், இன்னொரு அலை. பக்கம் பக்கமாக இதுவே போகிறது. கதை முடிந்தபின் ஒட்டிய இணைப்பு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பயணத்தைச் சொன்ன நாவல், அலைக்கும் கரைக்கும் இடையே உள்ள பத்தடியில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை யாராவது மதிய அமர்வில் எடுத்துப் பேச வேண்டும். நேரம் போதாதென்றால் தலைமையுரைக்கு எனக்கு ஒதுக்கியதில் மிச்சமுள்ள பத்து நிமிடத்தை அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வு ஜம்யாட்டினிலிருந்து தொடங்குகிறது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.