யாரை என்பதற்கு முன் எதற்கு என்று சொல்லுங்கள்



ஒரு குழு தொடர்ந்து தோற்கிறது. பயிற்றுவிப்பாளர் விலகுகிறார், அல்லது விலக்கப்படுகிறார். அடுத்து யார் என்று கேட்டால் நிர்வாகம் வாய் திறப்பதில்லை. வாரம் மாதமாகிறது, மாதம் ஆண்டாகிறது. அதுவரை காப்பிக் கடையிலும் ரயிலிலும் ரசிகர்கள் கொதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கொதிப்பைப் பொறுமையில்லாதவர்களின் கூச்சல் என்று தள்ளிவிடுவோர் உண்டு. அது நியாயமான கோபம் என்பதே என் வாதம். புதியவர் வரத் தாமதமாகிறது என்பதைவிட, எதற்காக அவரைத் தேடுகிறார்கள் என்பது தெரியாமல் போவதுதான் ரசிகனை வாட்டுகிறது. குழு எப்படி ஆட வேண்டும், எத்தனை ஆண்டில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்யாத நிர்வாகம், ஆளைத் தேடுவதாகச் சொல்வதில் பொருளே இல்லை.

முதலில் நம் வீட்டுக் கதையைப் பார்ப்போம். ராடி அவ்ராமொவிச் 2003 முதல் 2012 வரை நம் சிங்கப்பூர்த் தேசியக் குழுவைப் பயிற்றுவித்தார். 2004, 2007, 2012 என மூன்று முறை தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணம் இங்கே வந்தது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஜெர்மனியின் பெர்ண்ட் ஷ்டாங்க, நம் வி. சுந்தரமூர்த்தி, ஜப்பானின் தத்சுமா யோஷிடா, தக்காயுக்கி நிஷிகாயா, சுத்தோமு ஒகுரா என்று ஐந்து பேர் வந்து போனார்கள். அந்தக் கிண்ணம் திரும்பி வரவில்லை. இவர்களில் சுந்தரமூர்த்தியின் காலத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மலேசிய சூப்பர் லீக்கை 2013இல், அதில் ஆடிய நம் லயன்ஸ் XII குழுவுக்கு வென்று தந்தவர் அவர். 2016இல் தேசியக் குழுவை ஏற்றபோது அவருக்குக் கிடைத்தது ஓராண்டுப் பொறுப்பு. ஓராண்டில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களை எந்த மனிதரால் உருவாக்க முடியும்? பிறகு காலம் நீட்டிக்கப்பட்டது. ஆனாலும் வெற்றிகள் மிகக் குறைவு. 2018 ஏப்ரலில் அவர் விலகினார். அடுத்த நிரந்தரப் பயிற்றுவிப்பாளராக யோஷிடா அறிவிக்கப்பட்டது 2019 மே மாதத்தில். இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேலான காலத்தில், இந்நாடு தலையில் வைத்துக் கொண்டாடிய ஃபாண்டி அகமதுவின் தோளில் தற்காலிகப் பொறுப்பு ஏற்றப்பட்டது. 2018 வட்டாரக் கிண்ணப் போட்டியில் குழுச்சுற்றோடு ஊர் திரும்பினோம். தற்காலிகமாக வந்தவருக்கு நீண்டகாலத் திட்டம் போட அதிகாரமில்லை. நிரந்தரமாக வரப்போகிறவர் இன்னும் வரவில்லை. அப்படியானால் அந்த மாதங்களுக்கெல்லாம் யார் பொறுப்பு? ரசிகர்கள் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

இது நம் ஊரோடு நிற்கும் நோயல்ல. நம் நாட்டுச் செல்வந்தர் பீட்டர் லிம் 2014இல் ஸ்பெயினின் வலென்சியா குழுமத்தை வாங்கினார். அங்கே நடந்ததைச் சிங்கப்பூரர்கள் உன்னிப்பாகப் படிக்க வேண்டும். 2015 டிசம்பரில் கேரி நெவில் பயிற்றுவிப்பாளரானார். மான்செஸ்டர் யுனைடெட்டில் பெரிய ஆட்டக்காரர், தொலைக்காட்சியில் கூர்மையான விமர்சகர், லிம்முக்கு வணிகக் கூட்டாளி. ஆனால் எந்தக் குழுவையும் தலைமைப் பயிற்றுவிப்பாளராக நடத்திய அனுபவம் அவருக்கு இல்லை. பார்சலோனாவிடம் 0–7 என்று தோற்றார்கள். நான்கு மாதத்திற்குள் அவர் வெளியேறினார். 2016இல் பின்னர் வந்த இத்தாலியர் பிராண்டெல்லி அந்த ஆண்டு முடிவதற்குள் தாமே விலகிவிட்டார். பிறகு வந்த மார்செலினோ, லீக்கில் அடுத்தடுத்து இரண்டு முறை நான்காம் இடம் பிடித்து, 2019 மே மாதம் அதே பார்சலோனாவை 2–1 என வென்று ஸ்பானிய அரசர் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், பருவம் தொடங்கி மூன்றே ஆட்டங்கள் முடிந்த நிலையில், அவர் நீக்கப்பட்டார்! தோற்றவர் போனார் என்றால் ரசிகனுக்குப் புரியும். வென்றவரும் போனார் என்றால் அவன் எதைப் புரிந்துகொள்வான்? வலென்சியா ரசிகர்கள் மெஸ்டாயா அரங்கிற்கு வெளியே திரண்டு நின்று போராடியதை ஒரு தோல்வியின் ஆத்திரம் என்று எடைபோட முடியாது. தேர்வுக்கும் நீக்கத்திற்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதைக் கண்ணால் கண்டவர்களின் எதிர்ப்பு அது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானவற்றை எடுத்துக்கொள்கிறேன். பணம் போடுபவர் முடிவெடுக்கிறார், பார்ப்பவருக்கு என்ன உரிமை என்பது முதல் மறுப்பு. வலென்சியா 1919இல் தோன்றிய குழுமம். எந்த உரிமையாளருக்கும் முன்பே அது இருந்தது, எவர் விற்றுவிட்டுப் போனாலும் அதன் ரசிகர்கள் இருப்பார்கள். நம் உள்ளூர்க் குழுக்களின் நிலையோ இன்னும் தெளிவானது. அவற்றுக்கு அரசு அமைப்பான டோட் போர்டு வழியாகப் பொதுப்பணம் வந்திருக்கிறது. பொதுப்பணம் தொட்ட இடத்தில் பொதுமக்களுக்குக் கணக்கு சொல்லும் கடமையும் வந்துவிடுகிறது. பேச்சுவார்த்தையை ரகசியமாகத்தான் நடத்த முடியும் என்பது இரண்டாவது மறுப்பு. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். யாரிடம் பேசுகிறோம், எவ்வளவு சம்பளம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எப்படிப்பட்டவரைத் தேடுகிறோம், எந்த மாதத்திற்குள் முடிப்போம், அதுவரை பொறுப்பில் இருப்பவருக்கு என்ன அதிகாரம் என்பதைச் சொல்வதால் எந்தப் பேரமும் கெடாது. பெயரை மறைப்பதில் விவேகம் இருக்கிறது. நோக்கத்தை மறைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மூன்றாவது மறுப்புதான் நம்மை நேராகச் சுடுவது. ரசிகர்களே பயிற்றுவிப்பாளர்களை விரட்டுகிறார்கள், வெற்றி மட்டுமே அவர்களுக்கு வேண்டும் என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. தோற்ற மறுநாளே தலையைக் கேட்கும் கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு, நம்மிடமும் உண்டு. ஆனால் 2021 டிசம்பர் 25ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். தேசிய விளையாட்டரங்கில் இந்தோனேசியாவுக்கு எதிரான தென்கிழக்காசியக் கிண்ண அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். இடைவேளைக்கு முன்பே நம்மில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை, பிறகு இன்னொருவருக்கு. ஒன்பது பேராக நின்றபோது ஷாடான் சுலைமானின் ஃப்ரீ கிக்கால் 2–1 என முன்னிலை பெற்றோம். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்கள் சமன் செய்தார்கள். பின்னர் நமக்குக் கிடைத்த பெனால்டியும் கோலாகவில்லை. கூடுதல் நேரத்தில் கோல்காவலர் ஹசான் சன்னியும் வெளியேற்றப்பட, எட்டுப் பேராக 2–4 எனத் தோற்றோம். அந்தத் தோல்விக்கு நம் மக்கள் வசைபாடவில்லை, கைதட்டினார்கள். சில நாள்களில் யோஷிடா குடும்பக் காரணத்திற்காக விலகியபோது வருந்தியவர்களே அதிகம். குழு எதற்காக ஆடுகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் தோல்வியையும் தாங்கும் மனம் ரசிகனுக்கு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடைசியாக ஒரு கேள்வி எழலாம். 2025 ஜூனில் ஒகுரா திடீரென விலகினார். இடைக்காலமாகப் பொறுப்பேற்ற கேவின் லீ வென்று காட்டினார். அப்படியானால் திட்டம் எதற்கு, அதிர்ஷ்டம் போதாதா என்று. அக்டோபரில் இந்தியாவை கோவாவில் 2–1 என வென்றதும், நவம்பர் 18 அன்று ஹாங்காங்கில் 0–1 எனப் பின்தங்கியிருந்து, ஷவால் அனுவார், இல்ஹான் ஃபாண்டி ஆகியோரின் கோல்களால் 2–1 என மீண்டு, தகுதிச்சுற்றின் வழியே முதன்முறையாக ஆசியக் கிண்ணத்திற்குள் நுழைந்ததும் நாம் அறிந்ததே. 1984இல் நாம் ஆடியது போட்டியை ஏற்று நடத்தியதால். ஆனால் இந்த வெற்றிக்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்காதீர்கள். முப்பது வயதைத் தொடாத இளைஞராக இருந்தபோதே லீயிடம் தெம்பனிஸ் ரோவர்ஸ் தன் குழுவை ஒப்படைத்தது. 2019இல் அது சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றது. வெல்லாத ஆண்டுகளிலும் குழுமம் அவரைக் கைவிடவில்லை. உள்ளூர் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துப்படியானது அந்த ஆண்டுகளில்தான். நாற்று விட்டவன் ஒருவன் இருந்ததால்தான் அறுவடை கிடைத்தது. தெம்பனிஸ் பொறுமையாகச் செய்த தேர்வின் பலனை நாடு அனுபவிக்கிறது. ஆகவே இது என் வாதத்திற்கு எதிரான சான்றல்ல, அதற்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆதாரம்.

அன்பர்களே, நாம் இப்போது நிற்கும் சைனாடவுனுக்குப் பக்கத்துப் பேட்டையின் பெயரைத் தாங்கியது தஞ்சோங் பகார் யுனைடெட். 1996இல் எஸ்-லீக் தொடங்கியபோதே இருந்த குழு. 1998இல் சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றது. 2004க்குப் பிறகு பணமில்லாமல் ஒதுங்கியது, 2011இல் திரும்பியது, 2014க்குப் பிறகு மீண்டும் ஒதுங்கியது, 2020இல் மறுபடி வந்தது. இவ்வளவு அலைக்கழிப்பிலும் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ரசிகர்களே. ஆகவே நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இது: ஆளைத் தேடும் முன் உங்கள் நோக்கத்தை எழுதி வெளியிடுங்கள். தேடலுக்கு ஒரு கெடு வையுங்கள். பருவம் முடிந்ததும், சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ரசிகர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ரசிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நிர்வாகம் நோக்கத்தைச் சொன்ன பிறகு, அந்த அளவுகோலாலேயே அளந்து பாருங்கள். இரண்டு தோல்விக்கு அதை ஒடித்துப் போடாதீர்கள். ஜாலான் புசார் விளையாட்டரங்கில் காலி இருக்கைகளை நிரப்புங்கள். இருக்கையில் அமர்ந்து கேட்கும் கேள்வியைத்தான் எந்த நிர்வாகத்தாலும் தட்டிக்கழிக்க முடியாது.