காதிரைச்சலும் விமானப் பயணமும்

காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்கிறவர்கள், விமானத்தில் ஏறினால் அது கூடிவிடுமோ என்று மகளையோ மகனையோ பார்க்கப் போவதையே தள்ளிப்போடுகிறார்கள். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அத்தனை பயம் தேவையில்லை.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோலத்தான். ஊட்டி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொல்லை பெரும்பாலும் இறங்கும்போது. உள்ளே அழுத்தம் கூடும். நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் மெல்லிய குழாய் திறந்து காற்றை விட வேண்டும். திறக்காவிட்டால் காது அடைக்கும், இரைச்சலும் பெரிதாகத் தெரியும். அதனால் அந்த நேரத்தில் தூங்காதீர்கள். மிட்டாய் சப்புங்கள், எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். சளி பிடித்திருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

எஞ்சின் சத்தம் பலருக்குக் காதிரைச்சலை மறைத்துவிடும். காதை இறுக அடைத்தால் உள்சத்தம்தான் மேலோங்கும். எஞ்சின் சத்தம் தாங்கவில்லை என்றால் மட்டும் காதடைப்பானை வைத்துக்கொள்ளலாம். மற்ற நேரத்தில் மெல்லிய இசை போதும்.

இறங்கிய பிறகு திடீரெனக் காது கேட்கவில்லை என்றாலோ தலை சுற்றினாலோ, அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.