சுடுநீர் வரும்வரை

வடகீழ்ப் பருவமழை பொழியும் மார்கழியில் அட்டாளைச்சேனையின் விடியற்காலை சற்றே குளிர்ந்திருக்கும். சுபுஹுத் தொழுகைக்கு முன் குளிக்க எழுந்த முதியவர் ஒருவர் சுடுநீர்க் குழாயைத் திறக்கிறார். ஷவரிலிருந்து விழுவதோ குளிர்நீர். கையை நீட்டுவதும் இழுப்பதுமாக அவர் ஒதுங்கி நிற்கிறார்.

காரணம் எளியது. முன்னாள் குளித்தபின் குழாயில் தேங்கிய நீர் இரவில் ஆறிவிட்டது. அது வெளியேறிய பின்னரே சூடாக்கியின் நீர் வந்து சேரும். உள்விட்டம் 15 மில்லிமீற்றரும் நீளம் 10 மீற்றரும் உள்ள குழாய் ஏறத்தாழ ஒன்றே முக்கால் லீற்றர் நீர் கொள்ளும். குழாயின் சுவரும் வெப்பத்தைக் கவர்வதால், இதமான சூடு வருமுன் மூன்று லீற்றர் வரை வழிந்தோடலாம்.

கோடையில் நிலைமை தலைகீழாகும். நண்பகல் வெயிலில் கூரைத் தொட்டியும் குழாயும் காய்ந்திருக்க, குளிர்நீர்க் குழாயில் முதலில் வருவது சுடுநீரே. அப்போது குளிர்ச்சிக்காகக் காத்திருக்க வேண்டும்!

முன்னர் அடுப்பில் கிடாரம் ஏற்றிக் காய்ச்சிய வெந்நீரை, வாளியிலே கிணற்று நீருடன் விளாவிக் குளித்தனர். அங்கும் காத்திருத்தல் உண்டு; எனினும் நீர் வீணாகவில்லை.

மூன்று லீற்றர் அற்பமெனத் தோன்றலாம். வீட்டில் நால்வர் வெவ்வேறு வேளைகளில் குளித்தால் நாளொன்றுக்கு 12 லீற்றர். ஆண்டொன்றுக்கு 4,380 லீற்றர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்தார்கள் என்பது புகாரித் தொகுப்பிலுள்ள செய்தி. ஒரு ஸாஉ ஏறத்தாழ மூன்று லீற்றர். ஆகவே, குளிப்பதற்கு முன்பே வடிகாலில் ஓடுவது ஒரு முழுக் குளிப்புக்குரிய நீராகும்.

இக்கரையில் நன்னீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. மணலின் அடியில், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாகவே நன்னீர் தங்குகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரக் கிணறுகள் பலவற்றை உவராக்கியதை மக்கள் மறந்திலர்.

பரிகாரங்கள் கடினமானவையல்ல. வீடு கட்டுவோர் சூடாக்கியைக் குளியலறையின் அருகே அமைக்கலாம். குழாய்க்கு வெப்பங்காக்கும் உறையிடலாம். ஒருவர் குளித்தவுடன் அடுத்தவர் குளித்தால் குழாய் ஆறுவதற்கு இடமில்லை. இவை இயலாவிடின் ஒரு வாளி போதும். முதலில் விழும் நீரை ஏந்திவைத்தால் துணி அலசவோ முற்றத்து முருங்கைக்கு வார்க்கவோ உதவும்.

காத்திருப்பதில் அரை நிமிடம் போனால் போகட்டும். அந்நேரத்தில் வாளி வெறுமையாய் இராதிருக்கட்டும்.