கரியமில வாயுவும் ஒரு தரகரும்
(பழைய மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2017-இல் நம் மாவட்டத்து விவசாயிகள் போராடியதை நீங்கள் அறிவீர்கள். அதிலிருந்து என்னிடம் பலரும் கேட்கும் கேள்வி இது: "ஏன் சார், வயலைத் தோண்டாம, ஆலைப் புகையில போற கரியமில வாயுவிலிருந்தே எரிபொருள் செய்ய முடியாதா?"

முடியும். புதுசும் இல்லை. பிரெஞ்சு விஞ்ஞானி சபாட்டியே நிக்கல் தூளின் மேல் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் செலுத்தி மீத்தேன் ஆக்கியது 1902-இல். தாமிரமும் துத்தநாக ஆக்சைடும் கலந்து வைத்தால் மெத்தனால் வரும். (2024-இல் கள்ளக்குறிச்சியில் உயிர்களைக் குடித்த அதே மெத்தனால்தான். தொழிற்சாலைக்கோ அது பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் மூலப்பொருள்.) மத்தியப் பிரதேசத்து விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் என்.டி.பி.சி. நிறுவனம் புகையிலிருந்து பிரித்த வாயுவை 2024-இல் மெத்தனாலாக்கிக் காட்டியது.

நம் காலத்துப் பாடநூலில் 'வினைவேக மாற்றி' என்று படித்தோமே, அந்த வேலையைத்தான் இந்த உலோகங்கள் செய்கின்றன. இப்போது 'வினையூக்கி' என்கிறார்கள். எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடிக்கிறது; வேகத்தை மட்டுமே மாற்றும் என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு வீட்டாரையும் ஒரே திண்ணையில் உட்கார வைப்பார். பந்தல் செலவு அவருடையதல்ல.

அந்தச் செலவைக் கொஞ்சம் பார்ப்போம். கரியமில வாயு எரிந்து முடிந்த சாம்பல். சாம்பலை மறுபடி விறகாக்க வெளியிலிருந்து சக்தி வேண்டும். அதை ஹைட்ரஜன் கொண்டுவருகிறது. ஒரு டன் மெத்தனாலுக்குக் கரியமில வாயு சுமார் 1.4 டன், ஹைட்ரஜன் சுமார் 190 கிலோ. தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட் வரை ஆகும். ஆக, ஒன்பதாயிரம் யூனிட்டுக்குக் குறையாது. அந்த மின்சாரம் நிலக்கரியில் வந்தால், யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். ஒன்றரை டன்னைத் தின்ன ஒன்பது டன்னைக் கக்குகிற கதை! வெயிலோ காற்றோ கொடுக்கும் மின்சாரமாக இருந்தால்தான் கணக்கு நேராகும். இப்படி ஓர் ஆலை போடுகிறோம் என்று நாளை யாராவது நம் பக்கம் வந்தால், உலோகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

உலோகத்துக்கும் வியாதி உண்டு. புகையில் துளி கந்தகம் இருந்தாலும் தாமிரத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். சூட்டிலும் நீராவியிலும் நுண்துகள்கள் ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகிவிடும். ஆராய்ச்சிக்கூடங்களின் பாதி உழைப்பு இதிலேயே போகிறது.

தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை, நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து பிரித்த கரியமில வாயுவை 2016-இல் சோடா உப்புத் தயாரிக்கப் பயன்படுத்தத் தொடங்கியது. அங்கே ஹைட்ரஜனும் வேண்டாம், தரகரும் வேண்டாம். சாம்பலை விறகாக்கவில்லையே, சாம்பலாகவே உப்புக்குள் உட்கார வைத்துவிட்டார்கள்.

இலை போட்டாச்சு என்று செயலாளர் சைகை காட்டுகிறார். மீதியைப் பந்தியில் பேசுவோம்.