இரண்டு ரிலே, ஒரு மோட்டார்



காரில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஜன்னல் கண்ணாடி ஏறுகிறது, மறுபக்கம் அழுத்தினால் இறங்குகிறது. கதவுக்குள் இருப்பதோ ஒரே மோட்டார். நிலைக்காந்தம் வைத்த அந்த டி.சி. மோட்டாருக்குப் பிளஸையும் மைனஸையும் இடம் மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் சுழலும். இந்த இடமாற்றத்தை இரண்டு ரிலேக்களால் செய்யும் முறையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். எனக்கு மிகவும் பிடித்த மின்சுற்று இது.

ரிலேக்குள் ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். 'டிக்' என்று கேட்பது அந்தத் தகட்டின் ஓசை. காரில் பயன்படும் ஐந்து கால் ரிலேயில் தகட்டின் கால் 30. ஓய்வில் அது தொட்டிருப்பது 87ஏ. இழுபட்டதும் தொடுவது 87. மோட்டாரின் ஒரு வயரை முதல் ரிலேயின் 30-இலும், மற்றதை இரண்டாவதன் 30-இலும் கொடுங்கள். 87ஏ இரண்டும் மைனஸுக்கு. 87 இரண்டும் ஃபியூஸ் வழியாகப் பிளஸுக்கு. மோட்டாரின் இணைப்பு முடிந்தது. பொத்தான்கள் இரண்டு; ஒவ்வொன்றும் ஒரு ரிலேயின் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும்.

இதன் அருமை ஓய்வு நிலையில்தான் தெரியும். பொத்தானை விட்டதும் மோட்டாரின் இரு முனைகளும் மைனஸில் சேர்ந்துவிடுகின்றன. சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் அந்தக் கணத்தில் ஜெனரேட்டராக மாறுகிறது. அது உண்டாக்கும் மின்சாரமே அதைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. தனியாக பிரேக் வேண்டாம். தவறி இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினாலோ, இரு முனையும் பிளஸுக்குப் போகும். மோட்டார் அசையாது, எதுவும் எரியாது. நான்கு டிரான்சிஸ்டர் வைத்துச் செய்யும் சுற்றில், ஒரே பக்கத்து மேலதும் கீழதும் சேர்ந்து மின்சாரத்தைக் கடத்தினால் பேட்டரியே ஷார்ட் ஆகிவிடும். ரிலேயின் தகடு ஒரே நேரத்தில் இரண்டு இடத்தைத் தொட முடியாது.

ஆனால் வரம்பு உண்டு. பல ரிலேக்களின் மேல் ஏ.சி. 250 வோல்ட் என்றும் டி.சி. 30 வோல்ட் என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நம் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டி.சி.க்கு அந்த இடைவெளி இல்லை. வரம்பை மீறினால், தகடு விலகிய பிறகும் பொறி நீண்டு எதிர்முனையை எட்டலாம், அதுவும் ஷார்ட்தான்.

டயோடு விஷயத்திலும் கவனம் வேண்டும். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே, கோடு போட்ட முனை பிளஸில் இருக்கும்படி ஒரு டயோடு அவசியம். சுருளை அணைக்கும்போது எழும் உயர் மின்னழுத்தத்தை அது அடக்கிவிடும். திசை மாறும் மோட்டாருக்குக் குறுக்கே அதே டயோடைப் போட்டுவிடாதீர்கள். ஒரு திசையில் அதுவே ஷார்ட் ஆகிவிடும்.

செய்து பார்க்கப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழு வேகத்தில் ஓடும் மோட்டாரைச் சட்டென்று திருப்பினால், சுழல்வதால் அது உண்டாக்கும் மின்னழுத்தம் பேட்டரியோடு சேர்ந்துகொள்ளும். கிளம்பும்போது இழுப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு மின்சாரம் பாயும். ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு ரிலேயையும் ஓய்வில் விட்டு, மோட்டார் நின்றுவிட்டதைப் பார்த்த பிறகு மறு பொத்தானை அழுத்துங்கள்.