கூலி கேளா உழைப்பாளர்



கற்பிட்டி மணலிலே பூசணி பூக்கிறது. பிஞ்சோ வெம்பி உதிர்கிறது என்கின்றோம். பிசுபிசுத்த அதன் மகரந்தத்தைக் காற்று சுமவாது. பெண்பூவுக்குக் கொண்டு சேர்ப்பது வண்டினமே. கத்தரிப் பூவைப் பற்றி அதிர்த்தாலன்றி மகரந்தம் நன்கு உதிராது. பெட்டித் தேனீக்கு அது இயலாது. கருவண்டுக்கோ கைவந்த தொழில். விடியலில் விரியும் பூசணிப் பூ நண்பகலுக்குள் கூம்பிவிடும். அவ்வேளையிலேயே நாம் நஞ்சு தெளிக்கின்றோம்! கருவண்டு துளைத்து முட்டையிடும் பட்ட மரத்தையும் விறகாக்குகின்றோம். குடியிருக்கும் உரிமைக்காக நாம் முழங்காத மேடையில்லை; கூலி கேளாது உழைக்கும் இவ்வுயிர்களையோ நாமே குடியெழுப்புகின்றோம். இனி மருந்தை மாலையில் தெளிப்போம். பட்ட மரம் ஒன்றிரண்டு வேலியோரம் நிற்கட்டும். அருகே, கருவண்டு நாடும் ஆவரசும் பூக்கட்டும்.