பரிசில் கடாநிலை: அன்றும் இன்றும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘சங்கப் புலவரும் புரவலரும்’ என்பது. இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் கொடைச் சிறப்பைப் பேசியே முடிப்பர். முல்லைக்குத் தேர் ஈந்த பாரி, மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் என்று பட்டியல் நீளும். அவையோரும் கைதட்டி மகிழ்வர். நான் இன்று பேச விரும்புவது கொடாதவர்களைப் பற்றி. கொடுப்பதாகச் சொல்லி நாள் கடத்தியவர்களைப் பற்றி. அவர்கள் வாயிலில் நின்ற புலவர் என்ன பேசினர் என்பதைப் பற்றி. விழா நாளில் இது வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். எழுதிக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காகப் பத்து முறை நடந்தவர் இவ்வவையில் பலர் இருப்பதை நான் அறிவேன். ஆகவே வேண்டும் என்றே கருதுகிறேன்.

தொல்காப்பியர் புறத்திணையியலில் பாடாண் திணைக்குரிய துறைகளைச் சொல்லுமிடத்துப் பரிசில் கடாவுதலையும் ஒன்றாகச் சொல்கிறார். கடாவுதல் என்பது வற்புறுத்திக் கேட்டல். ஈந்தவனைப் போற்றுவது போலவே, வரவேண்டியதைக் கேட்பதும் இலக்கணம் ஒப்புக்கொண்ட பாடுபொருள் என்பது இதனால் பெறப்படும். 1894 இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் 196 ஆம் பாட்டிலிருந்து 211 ஆம் பாட்டு வரையுள்ள பகுதியைப் புரட்டிப் பாருங்கள். பரிசில் நீட்டித்த மன்னர்மேல் பாடியவை அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வரும். தொகுத்தவர்கள் அவற்றை மறைக்கவில்லை. எந்த மன்னன் நீட்டித்தான் என்பதையும் பாட்டின் அடியில் குறித்து வைத்தார்கள்.

இவற்றுள் நம் மண்ணுக்கு நெருக்கமானவை சில. கொல்லிமலைக்குத் தலைவனாகிய வல்வில் ஓரியை வன்பரணர் காட்டில் சந்தித்த கதையை எல்லோரும் அறிவோம். இன்னான் என்று அறியாமலே அவனைப் பாடினார்கள். புகழ் கேட்டு அவன் நாணினான். வேட்டையில் பெற்ற ஊனும், பருகத் தேறலும், பொன்னும் மணியும் அந்த இடத்திலேயே தந்தான். செம்மேட்டில் ஆடிப்பெருக்கையொட்டி ஆண்டுதோறும் அவனுக்கு அரசு விழா நடைபெறுகிறது. ஆனால் அதே ஓரியைக் கழைதின் யானையாரும் பாடியிருக்கிறார். கொடு என்று கேட்பது இழிவு, கொடுக்கமாட்டேன் என்பது அதனினும் இழிவு என்று தொடங்கும் அப்பாட்டில், பரிசில் வாராதபோது தாம் புறப்பட்ட வேளையையும் புள் நிமித்தத்தையும் நொந்துகொள்வதன்றி வள்ளலை நோவதில்லை என்கிறார். எவ்வளவு மென்மையான குத்தல், பாருங்கள். ஓரியிடத்திலும் ஒருவர் கை வெறுமையாக நின்றிருக்கிறார் என்பதை விழாக்களில் நாம் சொல்வதில்லை.

தகடூர் அதியமானின் நிலையும் இதுவே. ஔவையார் அவனைப் பாடிய பாட்டு ஒன்றில், ஒருநாள் சென்றாலும் பலநாள் சென்றாலும் முதல்நாள் போன்றே வரவேற்பான் என்றும், அவன் பரிசில் யானை தன் கொம்பிடையே வைத்துக்கொண்ட கவளம் போல் கைதப்பாது என்றும் நம்பிக்கையோடு கூறுகிறார். மற்றொரு பாட்டிலோ யாழைக் காவிக் கொண்டு பையைச் சுருக்கிக் கட்டிவிட்டார். அங்கே அவர் பேசுவது அதியமானோடு அன்று, வாயில் காவலனோடு. உன் தலைவன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என்று கேட்டு, கோடரி ஏந்திய தச்சனின் பிள்ளைகளுக்குக் காடு எப்படியோ அப்படியே கலை வல்லார்க்கு உலகம், எத்திசைச் சென்றாலும் சோறு உண்டு என்று முடிக்கிறார். வாயில் காவலன் இன்றும் இருக்கிறான். “ஐயா வெளியூர் போயிருக்கிறார்” என்பவரும், கைப்பேசியை எடுக்காதிருப்பவரும், பொருளாளரைக் கேளுங்கள் என்று தலைவரும் தலைவரைக் கேளுங்கள் என்று பொருளாளரும் சொல்வதும் அவன் வடிவங்களே. இத்தனைக்கும் அதியமான் வெறும் வாய்ச்சொல் வள்ளல் அல்லன். திருக்கோவலூர்ப் பக்கத்து ஜம்பையில் 1981 இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அவன் ஈந்த குகைப் பள்ளியைப் பற்றியது. கல்லில் நின்ற கொடையாளனையும் ஔவை கேட்காமல் விடவில்லை.

இனி, என் உரையின் நடுவாக நான் கருதும் பாட்டுக்கு வருகிறேன். பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன் பரிசிலை நீட்டித்தபோது ஆவூர் மூலங்கிழார் பாடியது. இயன்றதை இயலும் என்று சொல்லிக் கொடுத்தலும், இயலாததை இல்லை என்று சொல்லி மறுத்தலும் இரண்டுமே நன்று என்கிறார் அவர். இயலாததை இயலும் என்பதும், இயல்வதை இல்லை என்பதும் கேட்டு நின்றவரை நலியச் செய்யும். கொடுக்கக்கூடியவரின் புகழையும் குறைக்கும். பிறகு, உன் பிள்ளைகள் நோயின்றி வாழ்க என்று வாழ்த்திவிட்டு, வெயிலும் பனியும் பாராது மனைவியை எண்ணிப் புறப்படுகிறார். மறுத்தவன்மேல் இங்கே குற்றம் சாட்டப்படவில்லை. மறுக்காமலும் கொடாமலும் இழுத்தவன்மேல்தான் சாட்டப்படுகிறது. ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்டவன் வேறிடம் போகலாம். ‘நாளை’ என்ற சொல்லைக் கேட்டவனோ அதே வாயிலில் கட்டுண்டு கிடக்கிறான். பிறிதொரு வேலையும் ஏற்க முடியாது, கடனையும் அடைக்க முடியாது. பெருங்குன்றூர் கிழாரும் சேரமான் குடக்கோ இளஞ்சேரல் இரும்பொறையிடம் இதையே சொல்லி வருந்தினார்: முதல்நாள் கைக்கு வந்துவிட்டது போலக் காட்டினாய், மறுநாள் பொய்யாக்கினாய் என்று. பதிற்றுப்பத்தின் ஒன்பதாம் பத்தை அதே சேரன்மேல் அதே புலவர் பாடி 32,000 காணம் பெற்றதாகப் பதிகம் கூறுகிறது. கேட்டதனால் உறவு முறிந்துவிடும் என்று அஞ்சுவோர் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

என்னிடம் முதுகலை பயின்ற மாணவி ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தறி நெய்யும் குடும்பத்துப் பெண். ஒரு நிறுவனத்தார் தம் வெள்ளிவிழா மலரைத் தொகுத்துத் தருமாறு அவரைக் கேட்டனர். நிறுவனத்தின் பெயர் நமக்குத் தேவையில்லை. முதியோரைச் சந்தித்துச் செய்தி திரட்டி, கட்டுரைகளை எழுதி, வந்த கவிதைகளைத் திருத்தி, மெய்ப்பும் பார்த்தார். 18,000 ரூபாய் என்பது வாய்ப்பேச்சு. மலர் வெளிவந்தது. விளம்பரப் பணம் வரட்டும் என்றார்கள். அது வந்தபின் கணக்கு முடியட்டும் என்றார்கள். ஓராண்டு கழிந்து, இவர் சற்று அழுத்திக் கேட்டபோது, “தமிழ்த் தொண்டுக்குக் கூலி கேட்கலாமா அம்மா?” என்று ஒருவர் கேட்டார். அடுத்த விழாவில் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அச்சகத்தாருக்கும் பந்தல்காரருக்கும் அன்றைக்கே பணம் எண்ணிக் கொடுக்கப்பட்டது என்பதை அப்பெண் தம் கண்ணால் கண்டார்.

அந்தக் கேள்வி என்னை உறுத்தியது. அதனைக் கேட்டவர் தமிழ் கற்றவர். பெருஞ்சித்திரனார் பெயரையே துணைக்கு அழைத்தாராம். அதியமான் நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பொருளை அப்புலவர், நான் வாணிகப் பரிசிலன் அல்லன் என்று கூறி மறுத்த கதை நாம் வகுப்பில் நடத்துவதுதான். ஆனால் அதனைப் பணத்தை வெறுத்த பாட்டாகக் கொள்வது பிழை. என் தகுதியை அளந்தறிந்து தருவதாயின் தினையளவு ஆயினும் எனக்கு இனிது என்பதே அவர் கூற்று. அவர் கேட்டது தம் புலமையை எடைபோடும் மதிப்பீட்டை. பார்க்காமல் வீசிய பொருளை மட்டுமே தள்ளினார். அதே பெருஞ்சித்திரனார் இளவெளிமான் சிறிது கொடுத்தபோது ஏற்காமல் போய், குமணனிடம் யானை பெற்று வந்து, இளவெளிமானின் காவல் மரத்தில் அதைக் கட்டிவிட்டுப் போனவர்! கூலி கேட்பதற்கு நாணியவர் செய்யும் காரியமா அது? பார்க்காமலே போர்த்தும் பொன்னாடையை அவர் என்ன செய்திருப்பார் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

பரிசில் வேறு, கூலி வேறு என்பது உண்மையே. பரிசிலுக்கு முன்கூட்டிய விலை இல்லை, கூலிக்கு உண்டு. நம் எழுத்து வேலைகளின் துன்பம், இவ்விரண்டின் நடுவே நிற்பதனால் வருவது. வேலை வாங்கும்போது கூலியாகப் பேசுகிறார்கள். கொடுக்கும்போது பரிசிலாக ஆக்கிவிடுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கூலி பேசாமல் கொலுசு செய்வார் உண்டா? நாமக்கல்லில் முன்பணம் வாங்காமல் லாரிக்குப் பாடி கட்டுவார் உண்டா? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எழுத்தாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தித்தான் படமெடுத்தார். வாழ்த்து மடல், தலவரலாறு, விழாப் பாடல், விளம்பர வாசகம், மொழிபெயர்ப்பு என்று வரும்போது மட்டும் விலை பேசுவது அநாகரிகமாகிவிடுகிறது.

என் துறை சட்டம் அன்று. எனினும் அம்மாணவியின் பொருட்டு வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டறிந்தவற்றை இங்கே பகிர்வது பயன்படும். 1872 ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70 ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் முறையாகச் செய்த வேலையின் பயனை மற்றவர் துய்த்தால் ஈடு தரக் கடமைப்பட்டவர் என்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமையால் எல்லாம் போயிற்று என்று சோர வேண்டியதில்லை. ஆனால் காலவரம்பு உண்டு: பணம் தரும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். ‘நாளை’ என்போர் நம்மை அவ்வரம்புக்கு அப்பால் நடத்திச் செல்லவும் கூடும். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ நமக்கு இன்னும் நெருக்கமானது. பணியாளராக இல்லாமல் தனித்து எழுதிக் கொடுப்பவரே அவ்வெழுத்தின் முதல் உரிமையாளர். கையொப்பமிட்ட எழுத்துவழி ஆவணம் இன்றி அவ்வுரிமை பிறர்க்குப் போகாது. திரைப்பாடல் எழுதுவோர்க்கு 2012 திருத்தம் உரிமத் தொகையில் பங்கை உறுதி செய்தது. மொழிபெயர்ப்பு, மெய்ப்புத் திருத்தம் போன்றவற்றைத் தொழிலாகச் செய்வோர் குறு நிறுவனமாக ‘உத்யம்’ பதிவு செய்துகொண்டால், 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் நாள் குறித்திருந்தாலும் 45 நாளுக்கு மேல் தொகையை நிறுத்தி வைக்க இயலாது. மீறினால் வட்டிக்கு வட்டியும் உண்டு. முறையிட மாநிலத்தில் மன்றமும் இருக்கிறது.

இவை கடைசிப் படிகள். ஊரறியப் பெயரைச் சொல்லி வசை பாடும் வழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். காளமேகத்தின் நா நம்மிடம் இல்லை, அவதூறு வழக்கைத் தாங்கும் பொருளும் இல்லை. மூலங்கிழார் போல நேராகக் கேட்கும் ஒரு மடல் போதும்: இன்ன வேலை, இன்ன நாளில் முடித்துக் கொடுத்தேன், இவ்வளவு பேசினோம், தர இயலுமா இயலாதா, இன்ன நாளுக்குள் ஒரு சொல் வேண்டும். அம்மாணவி அப்படி ஒரு மடலைப் பதிவஞ்சலில் விடுத்தார். பாதித் தொகை வந்தது. மீதிக்கு ‘இல்லை’ என்று எழுத்தில் பதில் வந்தது. அந்த ‘இல்லை’யைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்பதை இப்போது அவர்தாம் முடிவு செய்ய வேண்டும், நான் வற்புறுத்தவில்லை.

இறுதியாக நம் வட்டத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பத்தாம் ஆண்டு மலர் தயாராகிறது. அட்டை வரைந்தவர், மெய்ப்புப் பார்த்தவர், பக்கங்களை வடிவமைத்த இளைஞர் ஆகியோர்க்கு எவ்வளவு, எந்நாளில் என்பதை மலர் அச்சேறும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கவிதை தருவோர்க்குச் சன்மானம் தர இயலாதெனில் அழைப்பு மடலிலேயே ‘இயலாது’ என்று ஒரு வரி சேருங்கள். அன்புக்காக எழுதுவோர் அதனைப் படித்தபின்னும் எழுதுவர், நானும் எழுதுவேன். பொருளாளர் ஐயா அவர்கள் என்னை ஒருமாதிரி பார்க்கிறார்கள். ஆகவே இத்துடன் அமர்கிறேன்.